மூன்றாம் எண் பாட்டில்

காலை 11.10. பழரசப் போட்டிக் கூடாரத்தில் நடுவர் நாற்காலியோடு சாய்ந்தார். சாய்வதற்கு முன் மறக்காமல் விரலை நீட்டி, "மூணாம் நம்பர்... விஷம்..." என்று சொல்லிவிட்டு, மேஜைக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்தார்.

திருவிழா மைதானமே அந்தக் கூடாரத்துக்குள் புகுந்தது. ரொட்டிக்காரர், தேன்காரர், பாலாடைக்கட்டி விற்ற தம்பதி, எல்லோருக்கும் முன்வரிசை வேண்டியிருந்தது. காவல் பணிக்கு வந்திருந்த பெண் இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். பின்னாலேயே ஏட்டு.

"எங்கய்யா போனீங்க?"

"வாய் கொப்பளிச்சேன் மேடம். காலையில மல்பெரி ஸ்டால்ல ஒரு கிளாஸ் குடிச்சேன். மூணு தடவை கொப்பளிச்சும் போகல." ஏட்டு நாக்கை நீட்டிக் காட்டினார். கத்தரிக்காய் நிறம்.

"உள்ள போடுங்க. டியூட்டில இருக்கோம்."

11.20. போட்டிக்கு வந்த பாட்டில்கள் மூன்று. முதலாவது ஆப்பிள், இரண்டாவது கொய்யா, மூன்றாவது மல்பெரி. மூன்றாவதை, விழாவின் முதலுதவிக்கு வந்திருந்த டாக்டர் வடிகட்டியில் ஊற்றினார். அடியில் கரையாமல் கிடந்தது எலி மருந்து.

அந்த மல்பெரி ரசம் நடுவரின் சொந்தத் தங்கை போட்டது.

அண்ணன் தங்கை கதை ஊருக்கே தெரியும். அண்ணனுக்குப் பழரச ஆலை இருந்தது. அதில் துணிச் சாயம் கலந்தார். அங்கே வேலை பார்த்த தங்கை, சோதனைக்கு வந்த அதிகாரிகளிடம் பீப்பாயையே திறந்து காட்டிவிட்டாள். ஆலைக்குப் பூட்டு. ஐந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் தன் ருசி தேர்ந்த நாக்கை நம்பி நடுவர் ஆனார். தங்கை நாலு மல்பெரி மரத்தை நம்பி ஸ்டால் போட்டாள்.

"தங்கச்சிக்கே பரிசைக் கொடுத்துடுவாரோன்னுதான் மேடம் நாங்க பயந்தோம்," என்றார் விழாத் தலைவர். அந்த மனிதரின் புத்திக்கு அவ்வளவுதான் எட்டும்.

11.30. தங்கையை அழைத்து வந்தார்கள். முகத்தில் ரத்தமே இல்லை.

"பாட்டிலை எப்ப கொடுத்தீங்க?"

"பத்து மணிக்கு. சீல் வெச்சுக் கொடுத்தேன்."

"அப்புறம் யார் தொட்டது?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஸ்டால்ல இருநூறு பேர் குடிச்சிருக்காங்க. அதோ பாருங்க, அந்தப் பிள்ளைங்க நாக்கை. ஒருத்தருக்காவது வயிறு வலிச்சுதா? இன்னிக்கு என்னைக் கொண்டுபோனா, இனி என் கையால ஒரு சொட்டு யாரும் வாங்கமாட்டாங்க மேடம். பொழப்பே போயிடும்."

ஏட்டு அவள் கையில் விலங்கை மாட்டினார். அதைப் பார்த்ததும், முதலுதவிக் கட்டிலில் படுத்திருந்த அண்ணனின் உதட்டோரம் லேசாக அசைந்தது. நோயாளி சிரிக்கக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

டாக்டர் அவரிடம் குனிந்தார். "நாக்கை நீட்டுங்க. ம்... சுத்தமா, இளஞ்சிவப்பா இருக்கு. நாடியும் நல்லாத்தான் இருக்கு. ஆச்சரியம்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாட்டில் சீலை யார் உடைச்சது?"

"நான்தான். நடுவர்தானே உடைக்கணும்?"

"எவ்வளவு குடிச்சீங்க?"

"ஒரு வாய். வழக்கமா துப்பிடுவேன். இது கொஞ்சம் உள்ள போயிடுச்சு."

"நாக்குல வெச்சுப் பார்த்தீங்களா?"

"அரை நிமிஷம் புரட்டினேன். அதுதான் என் முறை. ஊருக்கே தெரியும்."

"நல்லது. ஏட்டு, இங்க வாங்க. இப்ப நாக்கை நீட்டுங்க."

ஏட்டு திகைத்தார். பிறகு நீட்டினார். கூடாரத்தில் சிரிப்பு எழுந்து, பாதியிலேயே நின்றது. தங்கைக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு கிளாஸ் குடிச்ச இவருக்கு மூணு தடவை கொப்பளிச்சும் போகல," என்றார் இன்ஸ்பெக்டர். "வெளியில அத்தனை பிள்ளைங்களுக்கும் இதே நாக்கு. அரை நிமிஷம் புரட்டின உங்களுக்கு மட்டும் இளஞ்சிவப்பு. நீங்க மல்பெரியை வாயிலயே வைக்கல சார். தூக்கிக் காட்டிட்டு எச்சில் வாளியில கொட்டிட்டீங்க. வாந்திக்கு விரல் போதும். குடிக்காமலே அதுல விஷம்னு தெரிஞ்சிருக்கு. அது யாருக்குத் தெரியும்? போட்டவருக்குத்தான். ஏட்டு, சாரோட கோட்டுப் பையைப் பாருங்க."

பையிலிருந்து கிழிந்த எலி மருந்துப் பாக்கெட் வந்தது.

அண்ணன் கட்டிலை விட்டு எழுந்தே விட்டார். "ஆமாய்யா, நான்தான்! என் ஆலையை மூட வெச்சா. அவ கடையும் மூடணும். அவ கையில விலங்கைப் பார்க்கணும். அஞ்சு வருஷமா அதுக்காகத்தான் உயிரோட இருக்கேன்!"

விலங்கு கை மாறியது.

மதியம் 12.05. ஜீப் அருகே தங்கை வழிமறித்தாள். கையில் புது பாட்டில், ஒரு கிளாஸ்.

"மேடம், நடுவர் இன்னும் என் சரக்கை ருசி பார்க்கலையே?"

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் சாய்ந்துகொண்டார். "தாராளமா."

அவள் நிரம்ப ஊற்றி அண்ணன் வாயருகே நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"பயமா இருக்காண்ணே? நான் உன்னை மாதிரி இல்ல. குடி."

விலங்கு மாட்டிய கைகளால் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். துப்ப வாளி இல்லை.

"நாக்கை நீட்டு."

நீட்டவில்லை. ஆனால் பற்களும் உதடும் ஊதாவாகி இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"இது சாயம் இல்லண்ணே, பழம்," என்றாள் தங்கை. "ரெண்டு நாளைக்குப் போகாது. லாக்கப்புல யாராவது கேட்டா, தங்கச்சி கொடுத்தான்னு சொல்லு."