உறைக்காத வலிக்கச்சை

வலிக்கச்சையை இடுப்பில் கட்டிக்கொண்ட பிறகும் சுபாஷிணி நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே விடுப்பு கேட்டு வந்து இணைக்கச்சையைக் கட்டியிருந்த அமுதினிக்கு அழுகை முட்டியது.

விடுப்பு கேட்பவரின் வலியை விடுப்பு தருபவர் ஒரு நிமிடம் தாங்க வேண்டும் என்பது சட்டம். ஒருவரின் நரம்பில் ஓடும் வலியை ஒரு கச்சை வாங்கும், இன்னொன்று அடுத்தவருக்கு அப்படியே கொடுக்கும். இது வந்ததிலிருந்து நாட்டில் விடுப்புச் சண்டையே ஒழிந்துபோயிற்று. முறைப்பதற்கென்றே பிறந்த அதிகாரிகள்கூட முகம் வியர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் பணியாளர் அதிகாரி சுபாஷிணி மட்டும் அசைந்து கொடுத்ததே இல்லை.

அமுதினிக்கு, கருப்பையின் உள்படலம் போன்ற திசு இடம் மாறி இடுப்பின் ஆழத்தில் வளர்ந்து, காலுக்குப் போகும் நரம்பைச் சுற்றியிருந்தது. மாதவிலக்கு நாட்களில் அதுவும் வீங்கும். பிட்டத்தில் பிடித்த எரிச்சல் பாதம் வரை இறங்கும். முதுகெலும்புக் கோளாறு என்று வருடக்கணக்கில் தைலம் தேய்த்த பிறகே சரியான டாக்டர் கிடைத்தார். இன்னும் தள்ளிப்போட்டால் நரம்பு கெட்டுக் கால் இழுத்துக்கொள்ளும் என்றார் அவர். அறுவை சிகிச்சைக்கு ஒரு மாத விடுப்பு வேண்டும்.

"புதுசா ஒண்ணும் தெரியலையே," என்றார் சுபாஷிணி.

கச்சைதான் பழுது என்று பழுதுபார்க்கும் ரூபனை வரவழைத்தார்கள். சிரித்துக்கொண்டே கட்டியவன், மறுகணம் மேசையைப் பிடித்துக்கொண்டு கழற்றிவிடச் சொல்லிக் கெஞ்சினான். கச்சைக்கு ஒரு குறையும் இல்லை.

சுபாஷிணிக்குக் குழப்பம். மறுபடி கட்டிப் பார்த்தார்.

"இடுப்புல பிடிச்சு இழுக்கு, கால் எரியுது. இதுதான? மாசாமாசம் எல்லாருக்கும் வர்றதுதான?"

அமுதினி அவரையே பார்த்தாள்.

"எல்லாருக்கும் வராது மேடம். உங்களுக்கு வருது."

சுபாஷிணி டீயைக் கீழே வைத்தார். எல்லாரும் தாங்குகிறார்கள், தனக்குத்தான் பொறுமை போதவில்லை என்று பதினைந்து வயதிலிருந்து தன்னையே திட்டிக்கொண்டவர் அவர். முதலில் அழுகைதான் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது, அது அடங்கவே இல்லை. அமுதினிக்கும் தொற்றிக்கொண்டது. தன் மேல் தப்பில்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் சுபாஷிணி அவளுடைய ஒரு மாதத்தை இரண்டாக்கிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே பரிசோதனையில் அவருக்கும் அதே நோய் உறுதியாயிற்று. விடுப்பு கேட்டு இயக்குநர் ஜெபராஜின் அறைக்குப் போனார். உனக்குப் போய்க் கச்சை எதற்கம்மா, சும்மாவே கையெழுத்துப் போடுகிறேன் என்றார் ஜெபராஜ்.

"சட்டம்னா சட்டம்தான் சார். கட்டுங்க."

கட்டினார். அரை நிமிடத்தில் கழற்றி எறிந்துவிட்டு சுபாஷிணிக்கு வேண்டிய விடுப்பைக் கொடுத்தார். அதே கையோடு, தனக்கும் மூன்று நாள் மருத்துவ விடுப்பு எழுதிக்கொண்டார்.