வளைவில் வரைய முடியாத உறுப்பு

அந்த அரையாண்டு தலைமுடிக்கானது. கடலோர நாடுகள் பேரவைக்குத் தலைமை தாங்கிய நாட்டின் பிரதமருக்கு வழுக்கை. ஆகவே பேரவை நாடுகளின் மக்கள் அத்தனை பேரின் ரத்தத்திலும் நீந்தும் நுண்வைத்தியர்கள், மற்ற வேலைகளைப் போட்டுவிட்டு முடி வளர்த்தார்கள். தூசியைவிடப் பொடியான இயந்திரங்கள்தான், என்றாலும் அரசாணைப்படி மரியாதைப் பன்மை உண்டு. எந்த நோயையும் தீர்ப்பார்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஆணைக்குத்தான் கட்டுப்படுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தலைமை, ஒரு முன்னுரிமை. ஆஸ்பத்திரிகளை எப்போதோ மாநாட்டு மண்டபங்களாக்கிவிட்டார்கள்.

தூத்துக்குடியில் சுகாதாரச் செயலர் ஞானதுரையின் மனைவி பியூலாவுக்கும் கூந்தல் இடுப்பைத் தாண்டித் தழைத்திருந்தது. சிறுநீரகங்கள்தான் ஓய்ந்துகொண்டிருந்தன.

“அடுத்த தலைமை நம்ம நாடுதான். முன்மொழிவ எழுதுறவனே நான்தான். கொஞ்சம் பொறுத்துக்கோ” என்றார் ஞானதுரை.

“எழுதுறது நீங்க. பேசப் போறது அமைச்சர்லா?” என்றாள் பியூலா, வீங்கிய காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தபடி.

அமைச்சர் வைரவநாதன் கல்நெஞ்சர் அல்ல. முன்மொழிவைப் படித்தார், பியூலாவின் உடம்பை விசாரித்தார், கண்கூடக் கலங்கினார். பிறகு மாநாட்டு வாசலில் வைக்கும் வரவேற்பு வளைவின் மாதிரிப் படத்தை விரித்தார். இதயத்தை முன்னுரிமையாக எடுத்துக்கொண்ட நாட்டுக்குச் சிவப்பு விளக்கில் வளைவு ஜொலித்ததாம். கண்ணை எடுத்த நாடு இமை சிமிட்டவே வைத்ததாம்.

“சிறுநீரகத்த வரஞ்சா முந்திரிக்கொட்டை மாநாடுன்னு நெனச்சிர மாட்டானுவளா, துரை?”

அத்தோடு, பக்கத்து நாடுகள் எல்லாம் ஏதோ ஓர் உறுப்பைப் பிடித்துத் தொங்கும்போது நாம் உயர்ந்து நிற்க வேண்டாமா என்று கேட்டார். சிரிக்கும் சூரியன் ஒன்று வரைந்தாகிவிட்டது. முன்னுரிமை: மகிழ்ச்சி.

மாநாட்டில் யாரும் எதிர்க்கவில்லை. மகிழ்ச்சியை எந்த நாட்டுத் தூதர் எதிர்ப்பார்? ஞானதுரை எழுந்தார். தலைமை நாட்டு அதிகாரி அவையில் வாய் திறப்பது மரபில்லை. பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பிறப்பித்த ஆணையை அரையாண்டு முடியும்வரை மாற்றக்கூடாது என்ற விதி வேறு இருந்தது. அதை முன்னொரு மாநாட்டில் எழுதிக் கொடுத்துச் சால்வை வாங்கியவர் ஞானதுரையேதான்.

வீட்டுக்கு வரும்போது வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது.

“இந்தக் காலப் பாத்தியளா? பூசணிக்கா கணக்கா இருக்கு” என்று பியூலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“மூச்சு வாங்குதா?”

“வாங்குது. அடுத்த தலைமை வரைக்கும் தாங்காது போலுக்கு. அத நெனச்சாலும் சிரிப்புத்தான் வருது.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பித் தொண்டைவரை ஏறியது. அங்கே நுண்வைத்தியர்கள் கடமையில் இருந்தார்கள். வெளியே வரும்போது அது வெடிச்சிரிப்பாக வந்தது.

தொலைபேசி ஒலித்தது. அமைச்சர்தான், பியூலா எப்படி இருக்கிறாள் என்று அக்கறையாகக் கேட்டார். செத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல ஞானதுரை வாயைத் திறந்தார், சிரிப்பு முந்திக்கொண்டது. பின்னால் பியூலாவும் சேர்ந்துகொண்டாள்.

“சத்தத்துலயே தெரியுதே. கிட்னி, கிட்னின்னு ஒத்தக்கால்ல நின்னீரு” என்று வாஞ்சையாகக் கடிந்துகொண்டு அமைச்சர் வைத்துவிட்டார்.

பியூலாவுக்குச் சிரிக்க மூச்சு போதவில்லை. மீதியையும் ஞானதுரையே சிரித்தார்.