நான்கு தந்திக் கொலை

மனிதகுலத்தின் மேலான கவனத்திற்கு ஒரு துயர அறிவிப்பு: கொலோன் நகரில், வியாழன் மாலை 6.50 மணிக்கு, ஒரு செல்லோ கொலையுண்டு கிடந்தது.

ஒப்பனை அறை நாற்காலியில் சாய்ந்திருந்தது, பெரிய வயலின் போன்ற அந்தச் சடலம். நான்கு தந்திகளும் அறுபட்டிருந்தன. அவற்றைத் தாங்கும் குதிரை தரையில் கிடந்தது. பக்கத்து மேசையில் அதை வாசிக்கும் வில், காயமின்றி.

உரிமையாளர் விப்கே. செத்துப்போன மேதைகளை விட்டுவிட்டு, இன்னும் உயிரோடிருந்து வாடகை கட்டத் திணறும் இசையமைப்பாளர்களை ஆராய்ந்து வாசிப்பவள். எட்டு மணிக்கு ஒரு புதிய படைப்பின் அரங்கேற்றம். அது ரத்தானால் நவீன இசைத் தொடரையே மூடிவிட்டு, வியாழக்கிழமைகளைப் பேராசிரியர் எக்கெஹார்டின் நால்வர் குழுவுக்குக் கொடுத்துவிடுவதாக நிர்வாகம் ஏற்கெனவே சொல்லியிருந்தது.

7.10. இன்ஸ்பெக்டர் அன்னெக்ரெட் வந்தார்.

"எப்ப வெளியே போனீங்க?"

"ஆறரைக்கு. பயிற்சி நடுவுல ஒரு சிகரெட். வில்லை, மயிர் முறுக்கினபடியே, மேசையில போட்டுட்டு ஓடினேன்," என்றாள் விப்கே.

அன்னெக்ரெட் வில்லைத் தூக்கினார். மயிர் தொளதொளவென்று தொங்கியது. அப்படியே திரும்ப வைத்தார்.

அறைச் சாவி வைத்திருந்தவர்கள் இன்னும் மூன்று பேர். முதலில் அரங்க மேலாளர் டோர்ட்டே.

"நான் ட்ரம்பெட் ஊதி வளர்ந்தவ. டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டு எல்லாரும் என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க. அதுக்கு நானே கத்தி எடுப்பேனா?"

அடுத்து இன்றைய படைப்பை எழுதிய ருப்ரெஹ்ட். "தந்தியைத் தொட்டதே இல்லைங்க. எல்லாம் கம்ப்யூட்டர்லதான் எழுதுறேன்."

"கேட்டாலே தெரியுதே," என்றார் மூன்றாமவரான எக்கெஹார்ட்.

"நீங்க?"

"நாப்பது வருஷமா செல்லோ. அந்த அறைப்பக்கமே நான் போகலை. அங்க நடக்கறது சங்கீதம் இல்லை, தச்சு வேலை."

அன்னெக்ரெட் விப்கேயிடம் திரும்பினார். "வாசிச்சு முடிச்சதும் வில்லை என்ன பண்ணுவீங்க?"

"முறுக்கைத் தளர்த்துவோம். இல்லேன்னா குச்சி கெட்டுப்போகும். கை தானாவே பண்ணிடும்."

"இன்னைக்கு உங்க கை பண்ணலை. வேற கை பண்ணியிருக்கு. ட்ரம்பெட்காரங்களுக்கு அது தோணாது. இந்தக் கம்ப்யூட்டர்காரருக்கு எந்தப் பக்கம் திருகறதுன்னே தெரியாது. நாலு தந்தியை அறுக்கத் துணிஞ்ச ஆளால, முறுக்கின வில்லைப் பார்த்துட்டுச் சும்மா போக முடியலை. இல்லையா, பேராசிரியரே?"

எக்கெஹார்ட் நெஞ்சை நிமிர்த்தினார். "வில் என்ன பாவம் பண்ணுச்சு?"

போலீஸ்காரர் அழைத்துப்போகையில் பேராசிரியர் வாசலில் நின்று திரும்பினார். "புதுத் தந்தி மாட்டினாலும் சுதியில நிக்க ஒரு நாள் ஆகும். கச்சேரி போச்சு, விப்கே."

"தந்தி மாட்டப்போறேன்னு யார் சொன்னா?"

8.00. தந்தியில்லாத செல்லோவோடு விப்கே மேடையேறினாள். அதன் விலாவில் வில்லை இழுத்தாள். முதுகில் அறைந்தாள். திருகாணிகளைக் கிறீச்சிட வைத்தாள். படைப்பின் முழு நீளத்துக்கும், ஒரு நொடிகூடக் குறைக்காமல். தான் எழுதியதைவிட இது தேவலை என்று ருப்ரெஹ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரங்கம் எழுந்து நின்றது. தொடர் பிழைத்தது.

மறுநாள் நாளிதழ் விமர்சனம் வெகுவாகப் பாராட்டியது. கீழ்த்தந்தி மட்டும் சற்றே சுதி விலகியிருந்ததாம்.