ஒதாரு போகும் கப்பல்

ஹகோதாதே துறையில் நான் வேலைக்கு ஏறியபோது ஒகிசாதோ மாரு என்ற கப்பலின் வயிறு முழுக்க உப்பு. போர் முடியும்வரை அது வடக்கே இருக்கும் கரஃபுட்டோ தீவுக்கும் ஒதாரு துறைமுகத்துக்கும் இடையே சரக்கும் பயணிகளும் ஏற்றிப்போன கப்பல். பிறகு அதை மீன்பிடித் தாய்க்கப்பலாக மாற்றிவிட்டார்கள். வடகடலில் சின்னப் படகுகள் வலைபோட்டுக் கொண்டுவரும் சால்மனை வாங்கி, குடலெடுத்து, உப்பிட்டு அடுக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பயணிகள் பாய்விரித்துப் படுத்த கூடத்தில் இப்போது தலையில்லாத மீன்கள் படுத்திருந்தன.

பயணிகள் ஏறிய காலத்துப் பழைய ஆட்களில் மிஞ்சியவர் இவாஜி ஒருவர்தான். தளத்து வேலைக்காரர்களுக்கெல்லாம் தலைவர், சிராங்கு. அந்தக் கூடத்துக்குள் மட்டும் அவர் இறங்கி நான் பார்த்ததில்லை.

ஜூலையில் ஒரு காலை. என் தம்பி சாதசோ ஏழாம் எண் படகில் கிளம்பும்போது கீழேயிருந்து கத்தினான். "அண்ணே, என் பங்கு முள்ளங்கி ஊறுகாயைத் தின்னு தீர்த்துடாதே!"

"நீ திரும்பி வந்தாத்தானேடா கேப்பே!"

எல்லோரும் சிரித்தார்கள்.

கிண்ணத்தில் மிசோ சூப் ஆறுவதற்குள் மூடுபனி இறங்கியது. பாலில் முக்கியதுபோல எங்கும் வெள்ளை. நீட்டிய கை தெரியவில்லை. படகுகளுக்குத் திசை காட்ட, மேல்தளத்தில் நின்று ஊதல் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கனத்த குரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படகாக வந்து சேர்ந்தது.

ஏழாம் எண் மட்டும் வரவில்லை.

மறுபடி ஊதினேன். ஓசை அடங்கியதும் வலப்பக்கத்தில் தண்ணீர் சலசலத்தது. எஞ்சின் சத்தம் இல்லை. துடுப்புகள்.

எங்கள் படகு எதிலும் துடுப்பு கிடையாது.

மீன் நாற்றத்தை மீறி ஈரப் படுக்கைத் துணியின் வாடை ஏறி வந்தது. பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், மிக மரியாதையாக.

"ஐயா... இது ஒதாரு போற கப்பல்தானுங்களே?"

பின்னாலிருந்து வந்த இவாஜி என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். விரல்கள் ஐஸாக இருந்தன.

"ஊதாதே."

"என் தம்பி வெளிய இருக்கான், சிராங்கு!"

"போர் முடியற சமயம்... எதிரிப்படைக்குப் பயந்து தீவை விட்டுத் தப்பிக்கத் துறைக்கு வந்தவங்க," என்று கிசுகிசுத்தார். "கூட்டம் தாங்காம இந்தக் கப்பலோட ஏறுபடியைத் தூக்கச் சொல்லிட்டாங்க. துறையில நின்னவங்க கிடைச்ச படகுல பின்னாடியே வந்தாங்க. இதே மாதிரி பனி. இதே ஊதலைக் கேட்டுக்கிட்டு. ஒருத்தரும் வந்து சேரல."

கயிற்றை விட்டால் சாதசோ இல்லை. இழுத்தேன்.

பக்கவாட்டில் தொங்கிய கயிற்றேணி விறைத்துக் கிறீச்சிட்டது.

யாரும் தெரியவில்லை.

மறுபடி ஊதினேன். ஏணி மறுபடி கிறீச்சிட்டது. பக்கத்துப் பெட்டிமேல் வைத்திருந்த என் சூப் கிண்ணம் மெல்ல வலப்பக்கம் நகர்ந்து விழுந்து உடைந்தது. கப்பல் சாய்ந்துகொண்டிருந்தது.

இவாஜி கீழே ஏணித் தலைப்புக்குப் போனார். தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். "மெதுவா வாங்கம்மா. இடம் இருக்கு. குழந்தையை இப்படிக் கொடுங்க" என்றார்.

நீட்டிய அவருடைய வெறுங்கைகள் கனத்தில் தாழ்ந்தன.

நான் அழுதுகொண்டே ஊதினேன். எத்தனை முறை என்று தெரியாது. கடைசியில் இடப்பக்கம் எஞ்சின் படபடத்தது. சாதசோ நனைந்த பூனையாக ஏறி வந்தான்.

"அண்ணே, திசை காட்டுற காந்தமுள்ளு கெட்டுப்போச்சு. நல்லவேளை, முன்னாடி துடுப்புப் போட்டு நிறையப் பேர் போனாங்க, அவங்க பின்னாடியே வந்துட்டோம். யாரு அவங்க? எவ்வளவு கூப்பிட்டும் ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கல."

நான் அவனைக் கட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒதாரு துறையில் சரக்கை இறக்கினோம். மீன் போயிற்று, மிச்ச உப்பும் போயிற்று. கப்பல் மட்டும் மேலெழவில்லை. சுமை ஏற்றியது போலவே அமிழ்ந்து கிடந்தது. "உள்ள என்னத்தய்யா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று துறைமுகக் கூலிகள் கேலி செய்தார்கள்.

இவாஜி முதல்முறையாக அந்தக் கூடத்து வாசலில் போய் நின்றார். பழைய நாட்களில் செய்ததுபோல் உரக்கக் குரல் கொடுத்தார். "ஒதாரு வந்தாச்சு! சாமான் எதையும் மறந்துடாம இறங்குங்க!"

கரைக்குப் போட்டிருந்த இறங்குபலகை நடுங்கியது. ஒரு கட்டை வளைந்து நிமிர்ந்தது, அடுத்தது வளைந்தது. மாலை வெயிலில் அது வெகுநேரம் நடந்தது. கூலிகள் கேலியை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்கள். கப்பல் விரல் விரலாக உயர்ந்தது. பாசி படிந்த அடிப்பக்கம் வெளியே தெரிந்தது.

பலகை அசைவற்று நின்றது. இவாஜி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊருக்கு வந்துட்டாங்கடா," என்றார்.

கரையில் அவர்களை அழைத்துப்போக யாரும் வந்திருக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பலகையின் கரையோரக் கட்டை மறுபடி வளைந்தது.

பிறகு அதற்கு அடுத்தது.

எங்களை நோக்கி.