பதினோராவது பொருத்தம்

தினம், கணம், ரஜ்ஜு என்று பத்துப் பொருத்தமும் பார்த்து முடிந்ததும் பெண் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. பத்தில் ஒன்றிரண்டு இடித்தால் பரிகாரம் சொல்லச் சோதிடர் இருக்கிறார். பதினோராவதற்குப் பரிகாரம் கிடையாது.

"பொண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரா உக்காருங்க," என்றார் தரகர் யஷ்வந்த். இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர். "கொஞ்ச நாளா நீங்க ரசிச்சுக் கேக்குற பாட்டை ஒருத்தருக்கொருத்தர் அனுப்புங்க. வெக்கப்படாதீங்க, இதுல மறைக்க ஒண்ணுமில்ல."

பூவரசன் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மொச்சைக்கொட்டை அளவுக் கருவியைத் தொட்டான். எதிரே மதிவதனியும் தொட்டாள்.

கேட்டு ரசித்த பாட்டை நாலு பேருக்கு அனுப்புவது பழைய வழக்கம்தான். அனுப்பியதைக் கேட்காமலே "சூப்பர்" என்று பதில் போடுவதும் பழைய வழக்கம்தான். ரசக்கடத்தி வந்து அந்தப் பொய்யை ஒழித்தது. பாட்டை மட்டுமல்ல, கேட்டவர் உடம்பு அதை எப்படி வாங்கிக்கொண்டது என்பதையும் அது சேர்த்துப் பதிந்துகொள்ளும். எந்த இடத்தில் சிலிர்த்தது, எங்கே தொண்டை அடைத்தது, எல்லாம். அதை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர் அதே இடத்தில் சிலிர்ப்பார், அதே இடத்தில் அவருக்கும் தொண்டை அடைக்கும். கண்டுபிடித்தவர்கள் ரசக்கடத்தி என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். நம் ஜனங்கள் வாயில் அது வெறும் ரசம் ஆயிற்று. "நேத்து நீ அனுப்பின ரசம் தூள்" என்று ஒருவர் சொன்னால் அது சாப்பாட்டைப் பற்றிய பேச்சில்லை.

சின்னக் குறைகள் உண்டு. ரசித்தவர் உடம்பில் அந்த நேரத்தில் இருந்த வேறு சங்கதிகளும் சமயத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பசியோடு கேட்டவர் ரசத்தில் பசியும் வரும். யார் அனுப்பினார் என்று பெயர் தெரியும், முதன்முதலில் ரசித்தது யார் என்று தெரியாது. இதையெல்லாம் யாரும் பொருட்படுத்தவில்லை. வெறுங்காதால் கேட்பதே மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. யாரோ ஒருத்தர் ஏற்கெனவே நன்றாக ரசித்து வைத்திருக்கும்போது நாம் எதற்கு முதலிலிருந்து மெனக்கெட வேண்டும்?

கல்யாணத் தரகர்கள் சும்மா விடுவார்களா? இரண்டு பேர் ரசமும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்குப் போட ஒரு பொருத்தப் பலகை செய்தார்கள். எவ்வளவு ரசிக்கிறார்கள் என்பது அதற்குத் தேவையில்லை. ஒத்துப்போகிறதா, அது ஒன்றுதான் கேள்வி.

பூவரசன் காவிரிக் கதவணைகளைக் கவனிக்கும் பொறியாளர். இதுவரை அவன் பார்த்த பெண்கள் யாரோடும் பலகை நாற்பதைத் தாண்டவில்லை. ஒரு வீட்டில் பன்னிரண்டு வந்தபோது, கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்கவிடாமல் அவன் அம்மா ஹர்ஷினி எழுப்பிக் கூட்டிவந்துவிட்டாள். தனக்கு ஏற்ற ஆள் ஒருத்தியும் பிறக்கவில்லை என்றே அவன் நம்ப ஆரம்பித்திருந்தான். அந்த நம்பிக்கையோடு ஞாயிற்றுக்கிழமைதோறும் தனியாக வீட்டில் உட்கார்ந்திருப்பது ரொம்பக் கொடுமை.

மதிவதனி அனுப்பிய முதல் இரண்டு பாட்டும் பரவாயில்லை ரகம். மூன்றாவது ஒரு நாகஸ்வரம், ஷண்முகப்பிரியா ஆலாபனை. அது ஏறி இறங்கி ஓர் இடத்தில் வந்து நின்றபோது பூவரசனுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. இப்படி ஒருத்தி உருகுவாளா, இத்தனை நாள் எங்கே இருந்தாள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நடுவே இடது கடைவாயில் விண்ணென்று ஒரு வலி தெறித்துப் போயிற்று. பாவம், பல்வலியோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அந்த வலியிலும் இப்படி ரசிக்க முடிந்திருக்கிறதே என்று அவள்மேல் பிரியம் இன்னும் பொங்கியது.

பலகையில் தொண்ணூற்றேழு வந்தது. மதிவதனியின் அத்தை தீக்ஷிதா, என்னவோ தானே பரீட்சை எழுதித் தேறியவள் மாதிரி எல்லோருக்கும் கேசரி பரிமாறினாள்.

நிச்சயதார்த்தத் தட்டு வரிசையில் பழம், பூ, புடவைக்கு நடுவே பூவரசன் ஒரு கிராம்புத் தைலக் குப்பியையும் வைத்து அனுப்பினான். ஏன் என்று கேட்ட அம்மாவிடம், "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்று சொல்லிச் சிரித்தான்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் முக்கொம்புப் பூங்காவில் சந்தித்தார்கள். மதிவதனி விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஒண்ணு கேக்கணும், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தக் கிராம்புத் தைலம் எதுக்கு? உங்க பக்கத்துச் சம்பிரதாயம் போலன்னு எங்கப்பா அதைப் பூஜை ரூம்ல வெச்சுக் கும்புட்டுக்கிட்டு இருக்காரு."

"உங்க பல்லுக்குத்தான். இடது பக்கம், கீழே, கடைசிப் பல்லு." பெருமையாகச் சொன்னான் பூவரசன். "அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எனக்குப் பல்வலியே வந்ததில்லையே."

"அந்த ஷண்முகப்பிரியாவுல, நடுவுல ஒரு எடத்துல விண்ணுன்னு தெறிக்குமே."

"ஓ, அதுவா? அது எல்லாருக்குமே வருதுங்க. எங்க தீக்ஷிதா அத்தை பயந்துபோய்ப் பல் டாக்டர்கிட்ட ஓடினாங்க. ஒண்ணுமே இல்லம்மா, இந்த மாசம் இதே எடத்தைக் காட்டிக்கிட்டு வர்ற எத்தனையாவது ஆளோ நீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாராம். அது ஊரெல்லாம் சுத்துற ரசம். அத்தைக்கு யோகா குரூப்ல வந்திருக்கு. அத்தை எனக்குத் தள்ளி விட்டாங்க."

பூவரசனின் நாக்கு தானாக இடது கடைவாய்க்குப் போயிற்று. அங்கே பல் இல்லை. பிடுங்கி இரண்டு வருஷம் ஆகிறது.

அப்போதுதான் அவனுக்கு லால்குடி ஞாபகம் வந்தது. கூட வேலை பார்க்கும் நண்பன் தங்கைக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் மொத்த மண்டபமும் பந்திக்கு ஓடிவிட்டது. பல்வலியில் மெல்ல முடியாது என்பதால் இவன் மட்டும் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். யாரும் இல்லையே என்ற தைரியமோ என்னவோ, நாகஸ்வரக்காரர் நிதானமாக, தனக்காகவே வாசிக்கிற மாதிரி ஷண்முகப்பிரியாவை எடுத்தார். பூவரசன் குலுங்கிக் குலுங்கி அழுதான். காதுக்குப் பின்னால் இருந்த கருவி அதைப் பதிந்துகொண்டது. அன்று மாலை அந்த ரசத்தை நண்பனுக்கு அனுப்பினான், நண்பன் யாருக்கோ அனுப்பினான். பூவரசன் அதோடு மறந்துவிட்டு, மற்றவர்களைப்போல வந்த ரசத்தையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினான்.

பதிவில் நம் குரலைக் கேட்டால் வேறு யாரோ பேசுகிற மாதிரிதானே இருக்கும். தன் அழுகையை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"நான் என்னையே பொண்ணு பார்த்துட்டு வந்திருக்கேன்," என்றான்.

விஷயத்தைக் கேட்டு மதிவதனி முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நானும் ஒண்ணு சொல்லிடறேங்க. எனக்குப் பாட்டுன்னா ஒண்ணும் ஆகாது. பிடிக்காதுன்னு இல்ல. ஃபேன் சத்தம் மாதிரி அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்கு இருப்பேன். சின்னதுலேருந்தே அப்படித்தான். யாராவது ரசம் அனுப்பினா அழுகை வரும், சிரிப்பு வரும். ஆனா அது அவங்களுது. கழட்டினதும் போயிடும். என் பேர்ல காட்ட ஒரு ரசமும் இல்லாமத்தான் அத்தை அதைப் போட்டு அனுப்பினாங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க அழுததைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல மனசு வரலை."

அவளை வெறுக்க அவனுக்குக் காரணம் கிடைத்தது, வெறுப்புதான் வரவில்லை. இத்தனை வருஷத்தில் தனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று யாரும் அவனிடம் சொன்னதே இல்லை. அந்த வெள்ளைப் பேச்சு அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ரசம் போட்டுக்கொள்ளாமல் அவனுக்குப் பிடித்த முதல் ஆள் அவள்தான்.

"யார்கிட்டயும் சொல்லாம விட்டுடலாமா?" என்று கேட்டான்.

"வேணாங்க. காலம் பூரா நீங்க பாட்டு அனுப்புவீங்க, நான் ஆஹான்னு சொல்லணும். என்னால ஆகாது. வீட்ல சொல்லிடுவோம். வர்றது வரட்டும்."

சொன்னார்கள். வீடு இரண்டுபட்டது. "யாரோட ரசத்தையோ காட்டி எம்புள்ளையை ஏமாத்தப் பார்த்திருக்காங்க" என்று ஹர்ஷினி குதித்தாள். "யாரோடதும் இல்லம்மா, என்னோடதுதான்" என்று பூவரசன் சொன்னது எடுபடவில்லை. கடைசியில் யஷ்வந்த்தான் ஒரு வழி சொன்னார். இரண்டு பேரும் வெறுங்காதால் ஒரே பாட்டைக் கேட்க வேண்டும். கருவி அப்போதே பதியட்டும், பலகை அப்போதே கணக்குப் போடட்டும். நாற்பதுக்குக் கீழே வந்தால் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது.

"அப்ப எம்புள்ளையோட பாட்டையே போடுங்க," என்றாள் ஹர்ஷினி. அவள் கணக்கு வேறு. மகன் உருகுவான், அந்தப் பெண் மரமாக உட்கார்ந்திருப்பாள், குட்டு வெளிப்படும், சம்பந்தம் முறியும்.

அந்தக் கணக்கு பூவரசனுக்கும் புரிந்தது. தான் அழுதால் அவளை இழந்துவிடுவோம் என்று தெரிந்தது. அதனால் ஒரு முடிவோடு வந்து உட்கார்ந்தான். கூடியவரை ரசிக்கக் கூடாது. நாகஸ்வரம் உள்ளே புகுந்தால் கதவணையில் சேர்ந்த வண்டலை நினைத்துக்கொள்ள வேண்டும், பராமரிப்பு ஒப்பந்தக்காரரோடு போட்ட சண்டையை நினைத்துக்கொள்ள வேண்டும். எப்படியாவது தன்னைப் பிடித்துக் கீழே இறக்கி, அவள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட வேண்டும். நாற்பத்தொன்று வந்தால் போதும்.

பாட்டைப் போட்டார்கள். அதே பதிவுதான், ரசம் மட்டும் நீக்கியது.

பூவரசன் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டலை நினைத்தான். நாகஸ்வரம் தொடங்கியது, ஏறியது. வண்டலையே நினைத்தான். அந்த இடம் வந்தது. அவன் கையை இறுக மூடிக்கொண்டான். அந்த இடம் வந்து, நின்று, போயிற்று.

அடக்குவதற்கு ஒன்றும் வரவில்லை.

அவன் வண்டலை விட்டுவிட்டான். முன்னால் குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டான். இப்போது அவனுக்குப் பெண்ணும் நினைவில்லை, பலகையும் நினைவில்லை. எங்கே அழுதோம் என்று தெரிந்தது, ராகத்தின் பெயர் தெரிந்தது, வாசிப்பில் ஒரு பிசகும் இல்லை என்றும் தெரிந்தது. யாரோ நாகஸ்வரம் ஊதுகிறார். நன்றாகத்தான் ஊதுகிறார். அவ்வளவுதான். எத்தனையோ பேருடைய சிலிர்ப்பில் சிலிர்த்து, எத்தனையோ பேருடைய அழுகையை அழுது, தானாகச் சிலிர்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் இரண்டு வருஷம் இருந்தாயிற்று. அது எந்த நாளில் தன்னைவிட்டுப் போயிற்று என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது.

ஆலாபனை முடிந்தது. பலகையில் இரண்டு கோடுகள், இரண்டும் தரையோடு தரையாக ஓடின. யஷ்வந்த் பலகையை ஒருமுறை தட்டிப் பார்த்தார். மேலே எண் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார்.

"நூறு," என்றார். "இந்தத் தொழிலுக்கு வந்து நான் நூறு பார்த்ததே இல்லம்மா."

ஹர்ஷினி எழுந்து வந்து, "நான்தான் அவசரப்பட்டுட்டேன் சம்பந்தி," என்று பெண்ணின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ குங்குமச் சிமிழைத் தேடினார்கள், யாரோ முகூர்த்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். தீக்ஷிதா அத்தை பூவரசன் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"மாப்பிள்ளை, இப்பக் கேட்டீங்களே, அந்த ரசத்தை எனக்கு அனுப்பி விடுங்க. நூறு வாங்கின ரசமாச்சே. எங்க குரூப்ல எல்லாருக்கும் போடறேன்."

"அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடுங்க," என்றான் பூவரசன். சந்தோஷத்தில் யாருக்கும் காதில் விழவில்லை. அவனே எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

மதிவதனி தன் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். நாகஸ்வரம் முழுவதும் ஓடி முடியும்வரை இரண்டு பேரும் சேர்ந்து கேட்டார்கள். அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"எனக்கு எப்பவும் இப்படித்தாங்க இருக்கும்," என்றாள் மெதுவாக, அவன் கையைப் பிடித்துக்கொண்டு. "பழகிடும்."