பெற்றுக்கொண்டவர்: செல்லசாமி

பொதி கையளிக்கப்பட்டது, பெற்றுக்கொண்டவர் செல்லசாமி என்று கைபேசியில் செய்தி வந்தபோது கிருஷாந்தி கொட்டகலை பஜாரில், தான் வேலை பார்க்கும் போன் கடையில், ஒருவனுடைய உடைந்த திரைக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தாள். செல்லசாமி அவளுடைய மாமனார். இறந்து வெகுகாலம் ஆகிறது. அதில் பிழையில்லை. அவர் பெயரில் பொருள் வாங்கியவள் அவள்தான். பிழை வேறு. அந்தப் பெயரை அவள் எப்போதோ கைவிட்டிருந்தாள். இன்று கேட்டிருந்தது ஒரு ரைஸ் குக்கர். அதைத் தெரேசா என்ற இன்னொரு பெயரில்தான் கேட்டிருந்தாள்.

கம்பனிக்காரர்கள் மடையர்கள் என்று நினைத்துக்கொண்டாள். அது அவளுக்குப் புதிய நினைப்பு அல்ல.

காலையில் கைபேசியில் கேட்டால் மாலைக்குள் பொருள் ஹட்டனிலிருந்து வாசலுக்கு வந்துவிடும். புதிதாகச் சேர்பவருக்கு முதல் கொள்வனவு பாதி விலை. ஓர் ஆளுக்கு ஒரு முறைதான் என்பது கம்பனியின் விதி. ஆளென்றால் உயிரோடிருக்க வேண்டும் என்று அவர்கள் எங்கும் எழுதவில்லை.

முதல் முறை அவள் ஏமாற்ற நினைக்கவுமில்லை. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கதவுகளுக்கு இலக்கம் கிடையாது. காம்பரா, அந்த ஓர் அறை வீடு, யார் பெயரில் பதிந்திருக்கிறதோ அந்தப் பெயரைச் சொன்னால்தான் கடிதம் வரும், கடன்காரன் வருவான். அவர்களுடைய காம்பரா இன்னும் செல்லசாமி பெயரில். அந்தப் பெயரையே கொடுத்தாள். பாதி விலைக்கு ஒரு மிக்சி வந்தது. பிறகு யோசித்தாள். லயத்தில் செத்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பெயருக்கொரு புது எண் வேண்டும், கடையில் சிம்முக்குப் பஞ்சமில்லை. அம்மாக்கண்ணு, இராயப்பன், தெரேசா. ஆயுள் முழுக்க மலையேறி, நல்ல செருப்பு ஒன்று வாங்கத் தெரியாமல் செத்தவர்கள். செத்த பிறகாவது உபயோகப்படட்டும். பாதி விலைக்கு வந்ததை அவள் கடையில் வைத்து முக்கால் விலைக்கு விற்றாள்.

கம்பனி செத்தவர்களுக்குத் தவறாமல் செய்தி அனுப்பும். அன்பின் அம்மாக்கண்ணு, உங்களைக் காணாமல் தவிக்கிறோம், திரும்பி வாருங்கள், உங்களுக்கான விலைக்கழிவு காத்திருக்கிறது. கிருஷாந்தி அவற்றை மகள் வினோதாவுக்கு வாசித்துக் காட்டிச் சிரிப்பாள்.

பொதி கொண்டுவருபவன் நிதுஷன். வாசலில் நின்று பெயரைக் கூப்பிட வேண்டும், பதில் வந்தால் பொதியை வைத்துவிட்டுப் போகலாம். வினோதா பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியாகத்தான் இருப்பாள். எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் இருக்கேன் என்று சொல்லும்படி தாய் பழக்கியிருந்தாள். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது வராத ஆளுக்காகப் பக்கத்து ஆள் குரல் கொடுப்பதில்லையா, அதுபோல. பிள்ளை நன்றாகச் செய்தது. கிழவர்களுக்குக் கொஞ்சம் இருமிக்கூடக் காட்டியது.

பக்கத்துக் காம்பரா பிரியந்திக்கு இது தெரியும். ஒருநாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது அவள் சொன்னாள்.

"நாங்க வருசத்துக்கு ஒருக்கா பேரு சொல்லிக் கூப்புட்டு, புதுசு வச்சுப் படைக்கிறோம். அவங்க தின்னு முடிக்கிற வரைக்கும் எலையத் தொட மாட்டோம். நீ வாரா வாரம் கூப்புட்டு, வச்ச கையோட எடுத்துக்கிட்டு ஓடுறியேடி. செத்தவங்க வயிறு எரியாதா?"

"எரிஞ்சா மாத்திர வாங்கித் தாறேன். அதுவும் பாதி வெலதான்."

பிரியந்தியும் சிரித்தாள். அதன் பிறகு அவள் குடும்பமும் கீழே கட்டிக்கொடுத்த புதுவீட்டுக்குப் போய்விட்டது. மற்றவர்கள் முன்பே போயிருந்தார்கள். கணவன் சுமன் கொழும்பில். லயம் முழுவதும் பூட்டுத் தொங்கியது, ஒரு கதவைத் தவிர.

கிருஷாந்தி நிதுஷனை அழைத்தாள். யார் வாங்கியது என்று அதட்டினாள்.

"தாத்தாதான் வாங்கினாரு அக்கா."

"எந்தத் தாத்தா?"

"ஒங்க வீட்டுத் தாத்தா. பாப்பாவப் பக்கத்துல நிப்பாட்டிக்கிட்டு நின்னாரு." காற்று இரைந்தது. அவன் ஹட்டன் பாதையில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். "கையி ரொம்ப நீளங்க அக்கா. நான் படி ஏறவே இல்ல. கீழ நின்னே குடுத்துட்டேன்."

நிதுஷனுக்குக் கேலி பேச வராது. கேலி பேசும் அளவுக்கு அவனுக்கு மூளையில்லை என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்து ஓய்ந்தது. வாடிக்கையாளனின் கையில் அவன் போனைத் திணித்துவிட்டு வெளியே வந்தாள். எவனோ குடிகாரன். காலியான லயத்துக்குள் படுக்க வந்த எவனோ. பிள்ளை அவனோடு தனியாக இருக்கிறது.

ஆட்டோக்காரன் தொழிற்சாலை முடக்கில், பாதை வளையும் இடத்தில், இறக்கிவிட்டு, மழையில் பாதை போய்விட்டது, இதற்கு மேல் வராது என்றான். அவனை ஒரு வார்த்தை திட்டிவிட்டு ஏறினாள். மாலைதான், ஆனால் மூடுபனி மலையை முழுங்கியிருந்தது. தேயிலை நிரைகள் கைக்கெட்டும் தூரத்தில் தொடங்கி அங்கேயே முடிந்தன, நனைந்த கொழுந்தின் பச்சை மணமும் உர மணமும் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு மணம் இருந்தது, புதிதாகப் பிரித்த அட்டைப்பெட்டியின், அதற்குள் வரும் வெள்ளை ரெஜிஃபோமின், யாரும் தொடாத பிளாஸ்டிக்கின் மணம், அது மேலேயிருந்து, லயம் இருக்கும் பக்கமிருந்து, ஈரத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தது.

கைபேசி அதிர்ந்தது. பெற்றுக்கொண்டவர்: அம்மாக்கண்ணு.

அந்த முடக்கில் ஒருபோதும் சிக்னல் கிடைத்ததில்லை. கம்பனி முழுவதும் கழுதைகள் என்று உரக்கச் சொன்னாள். குரல் பனிக்குள் போய்த் திரும்பவில்லை. வேகமாக நடந்தாள்.

மறுபடியும் அதிர்ந்தது. இராயப்பன்.

அப்போது மேலே யாரோ கூப்பிடுவது கேட்டது. "தெரேசா." நிதுஷனின் குரல் அல்ல. அவசரமில்லாத, எதையும் எதிர்பார்க்காத குரல். பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிடும் குரல் அப்படி இருக்கும்.

"இருக்கேன்."

வினோதா. உயிரோடிருக்கிறாள்.  கிருஷாந்தி ஓடினாள். செருப்பு ஒன்று சேற்றில் நின்றுவிட்டது. விட்டுவிட்டாள்.

மேலே இன்னொரு பெயர். அவள் ஒருபோதும் பயன்படுத்தாத பெயர். அதற்கும் பிள்ளை பதில் சொன்னது. இன்னொன்று. அதற்கும்.

லயம் தெரிந்தது. மோட்டார்சைக்கிள் இல்லை. குடிகாரன் இல்லை. பூட்டுகள் பூட்டியபடி தொங்கின. வினோதா அவர்கள் வாசலில், இஸ்தோப்புத் திண்ணையின் விளிம்பில், பள்ளிச் சீருடையில் நேராக நின்றாள். முன்னால் பொதி எதுவும் இல்லை. குக்கர் இல்லை, பெட்டி இல்லை. கூப்பிட்ட பெயர்களுக்கு வாசலில் வைக்கப்பட்டிருந்தது அவள் மட்டும்தான்.

"வினோதா, இங்க வா."

பிள்ளையின் கண்கள் தாயைப் பார்த்தன. தலை திரும்பவில்லை. உதடு நடுங்கியது. வினோதா அழ நினைத்தாள். அழ விடப்படவில்லை.

இஸ்தோப்பின் சிமெந்தில் ஈரமான பாதத் தடங்கள். அகலமான, விரல் பிரிந்த, செருப்புக் காணாத பாதங்கள். ஒன்றின் பின் ஒன்றாக. வரிசை படியில் இறங்கி மண்ணில் தொடர்ந்தது. கிருஷாந்தி நின்ற இடத்தைத் தாண்டிப் பனிக்குள் போனது. அவள் வரிசையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

வாயைத் திறந்தாள். 

"எல்லாத்தையும் திருப்பித் தந்துர்றேங்க." அவர்களில் ஒருவரிடமும் அவள் இதுவரை மரியாதையாகப் பேசியதில்லை. "முழு வெல குடுத்தே வாங்கித் தாறேன். பிள்ளைய விட்டுருங்க."

 கழுத்தின் பின்னால், மிக அருகில், யாரோ பொறுமையாக மூச்சு விட்டார்கள். முறை வரும்வரை நிற்கிறவர்களின் மூச்சு.

பாய்ந்து போய்ப் பிள்ளையின் தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. சுவரை இழுப்பது போலிருந்தது. பிள்ளைதான் வலியில் முனகியது. கையை எடுத்துவிட்டாள்.

வினோதாவின் கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. கட்டைவிரல் அளவு. அழுத்தியது, விட்டது. சதை மெதுவாக எழும்பியது. பிறகு மேல்கையில். சீருடைக் கை கொஞ்சம் மடிந்து ஏறியது, தோல் இரண்டு பக்கமும் நசுங்கி, முன்னும் பின்னும் நகர்ந்தது. கடையில் துணி எடுப்பவர்கள் விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்களே, அப்படி. சிமெந்தில் ஓர் ஈரத் தடம் விலகியது. அடுத்த தடம் அந்த இடத்துக்கு வந்தது.

கீழுதடு கீழே இழுபட்டது. பற்கள் தெரிந்தன. மேலுதடு உயர்ந்தது.

பின்னல் அவிழ்ந்தது. முடி நுனி பிரிந்து நின்றது.

இடது கை எழுந்தது. யாரோ மணிக்கட்டைப் பிடித்திருக்கும் உயரத்தில் நின்றது. பிறகு வலது கை, இன்னும் உயரத்தில்.

வினோதாவின் குதிகால்கள் சிமெந்தை விட்டு மேலெழும்பின.