கழுத்தறுக்க வந்தவன் கழுத்து

கத்தி, டாக்டரம்மாவின் கழுத்துக்கு நாலு விரல் தூரத்தில் நின்றது.

பிறகு கீழே விழுந்தது...

கூடவே அதைப் பிடித்திருந்தவனும்.

கூலிக்குக் கொலை செய்பவன். தொழில் வட்டாரத்தில் 'பிளேடு'. பகல் பதினொரு மணிக்கு, நோயாளி மாதிரி டோக்கன் வாங்கிக்கொண்டு அவள் அறைக்குள் வந்திருந்தான். இப்போது இடுப்பைப் பிடித்தபடி தரையில் சுருண்டு கிடந்தான்.

டாக்டரம்மா கத்தியைச் செருப்புக் காலால் மேஜைக்கடியில் தள்ளினாள். போலீஸுக்குப் போன் செய்தாள். அவர்கள் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் விசாரித்தாள்.

"எத்தனாவது தடவை கிட்னி கல்லு?"

"நாலாவது..."

எலும்பெல்லாம் வலிக்கிறது, ஓயாத தாகம், மலச்சிக்கல், போன வாரம் கொல்லப் போன வீட்டு விலாசமே மறந்துவிட்டது என்று அழாத குறையாகச் சொன்னான்.

வந்த இன்ஸ்பெக்டருக்கு ஒரே கேள்விதான். அனுப்பியது யார்?

"மறந்துட்டேன் சார்."

இன்ஸ்பெக்டர் கையை ஓங்கினார்.

"ரத்தத்தை டெஸ்ட் பண்ணிட்டு அடிங்க," என்றாள் டாக்டரம்மா.

கால்சியம் எக்கச்சக்கம். பாராதைராய்டு ஹார்மோனும் அப்படியே.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நாலு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு, ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை, இவனுக்கு அதில் ஒன்று கட்டியாகி எலும்பைக் கரைத்து ரத்தத்தில் கொட்டுகிறது, கல்லும் மறதியும் அதனால்தான் என்று விளக்கினாள். லேசாக இருந்தால் நிறையத் தண்ணீர் குடித்து, அவ்வப்போது பரிசோதித்தாலே போதும். இவன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான்.

"என்ன செய்யணும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கழுத்தை அறுக்கணும்."

பிளேடு முதன்முறையாகப் பயந்தான்.

சலைன் ஏற்றிக் கால்சியத்தை இறக்கி, ஸ்கேனில் கட்டியைக் கண்டுபிடித்து, நாலாம் நாள் அறுத்தாள். கட்டி வெளியே வந்த கால் மணி நேரத்தில் ஹார்மோன் பாதிக்கும் கீழே இறங்கியது. கால்சியம் ரொம்பக் குறைந்து உதடு, விரல் மரத்துப்போனால் உடனே சொல்லச் சொல்லி, கால்சியம் மாத்திரை கொடுத்தாள்.

மூன்றே நாளில் அவனுக்குத் தலை தெளிந்தது.

அன்று டாக்டரம்மாவின் கணவர் வார்டுக்கு வந்தார். ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை, இவனுக்கு ஏதாவது ஞாபகம் வந்ததா என்று மனைவியின் தோளில் கைபோட்டபடி இன்ஸ்பெக்டரிடம் கேட்டார்.

பிளேடு அவரையே பார்த்தான்...

"சார், அனுப்பினது இவருதான்."

கணவர் சிரித்தார். "இவனுக்கு மயக்கம் இன்னும் தெளியல."

"அடையாளத்துக்குப் போட்டோ கொடுத்தீங்களே. அம்மா தலையணையில சாஞ்சு தூங்குற போட்டோ."

தோளிலிருந்த கை தானாக இறங்கியது. இன்ஸ்பெக்டர் அதற்கு விலங்கு மாட்டினார்.

"மயக்கம் தெளிஞ்சிருச்சுங்க," என்றாள் டாக்டரம்மா. "எனக்கும் சேர்த்து."